சப் டேங்கிலிருந்து டீசல் ஏறவில்லையா? பம்ப் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இரட்டை டேங்க் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களின் வழக்கமான புகார் இது. சப் டேங்கில் (கூடுதல் டேங்கில்) டீசல் இருக்கிறது, மெயின் டேங்க் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது, சுவிட்சை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பட்டறையில் கேட்டால் காரணம் ஒன்றே ஒன்றுதான்: "பம்ப் போச்சு சார்."

போயிருக்கலாம். ஆனால் வேலூரில் இந்தப் பம்ப் கடை அலமாரியில் கிடைக்கும் சாமான் இல்லை. முன்பணம் கட்டி, சில வாரம் காத்திருந்து, டேங்கை இறக்கிப் புதுப் பம்ப்பைப் போட்ட பிறகும் டீசல் ஏறாமல், கடைசியில் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்தான் காரணம் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? எலக்ட்ரிக்கல் சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் இந்த வழிகாட்டியில் பம்ப் கடைசியாகத்தான் வரும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

1. உங்கள் வண்டியில் எந்த ஏற்பாடு?

மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதல் வகையில் சப் டேங்கில் ஒரு சின்ன மோட்டார் பம்ப் இருக்கும். அது டீசலை மெயின் டேங்குக்குத் தள்ளும். இன்ஜின் எப்போதும் மெயின் டேங்கிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். நிசான் பேட்ரோல் ஒய்61-இல் இதற்கு டேஷ்போர்டில் சுவிட்ச் இருக்கிறது. சுவிட்ச் இல்லாமல், மெயின் டேங்க் ஓரளவு இறங்கியதும் கம்ப்யூட்டரே பம்ப்பை ஓட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு.

இரண்டாவது வகையில் பம்ப் இருக்காது, மாற்று வால்வு இருக்கும். சுவிட்சைப் போட்டால் இன்ஜினுக்குப் போகும் லைனும் இன்ஜினிலிருந்து திரும்பும் ரிட்டர்ன் லைனும் ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். பழைய டீசல் வண்டிகளிலும், உள்ளூரில் கூடுதல் டேங்க் மாட்டிய ஜீப்புகளிலும் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவது ஜெட் பம்ப். கரண்டே தேவையில்லை. பாயும் எரிபொருளின் வேகமே மறுபக்கத்து எரிபொருளையும் இழுத்து வந்துவிடும். ஒரே டேங்க் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு குடமாகப் பிரிந்திருக்கும் வண்டிகளில் இது அதிகம்.

சுவிட்சைப் போட்டதும் வண்டியின் பின்னால் தொடர்ந்து ரீங்காரம் கேட்டால் முதல் வகை. ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றுவிட்டால் இரண்டாவது. சத்தமே இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, சப் டேங்கிலிருந்து வரும் ஹோஸ் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள். மெயின் டேங்குக்கே போனால் பம்ப் ஏற்பாடு. நடுவில் ஐந்தாறு ஹோஸ் கூடும் ஒரு பெட்டிக்குள் போனால் அதுதான் வால்வு.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். பார்ட்ஸ் கேட்கும்போது "லேண்ட் க்ரூசர் பம்ப்" என்று சொன்னால் போதாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால்தான் பெட்ரோலா டீசலா, எந்த வருடத்து டேங்க், எந்த நாட்டு மாடல் என்பது தெரிந்து சரியான பார்ட் எண் கிடைக்கும். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று நேரில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். ராணுவ ஏலத்தில் வந்த வண்டிகளிலும், வெளிநாட்டிலிருந்து வந்த சில பழைய டீசல் வண்டிகளிலும் 24 வோல்ட் ஏற்பாடு இருக்கும். இரண்டு பேட்டரி இருக்கிறது என்பதாலேயே 24 என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டையும் பக்க இணைப்பில் (பேரலலாக) இணைத்த 12 வோல்ட் வண்டியும் உண்டு. மீட்டர் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டில் மாட்டிய 12 வோல்ட் பம்ப் அன்றைக்கே கருகும்.

சப் டேங்க் கம்பெனியிலேயே வந்ததா, பிறகு மாட்டியதா என்பதும் முக்கியம். கம்பெனி டேங்க் என்றால் பம்ப் மாற்றுவது சாதாரண ரிப்பேர், ஆர்.டி.ஓ. அலுவலகம் பக்கமே போக வேண்டாம். பிறகு மாட்டிய டேங்க் என்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பதிவுச் சான்றில் ஏறாத எரிபொருள் டேங்க் இருக்கும் வண்டி தீப்பிடித்தால், இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை விலை பேசும் முன்பே கேளுங்கள், பேசி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

வேலைக்குப் பில் வாங்குங்கள். பார்ட் எண், தேதி, கிலோமீட்டர் மூன்றும் பில்லில் இருக்கட்டும். விற்கும்போது அந்தத் துண்டுச் சீட்டுக்கு மதிப்பு உண்டு.

3. பழுது இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

சுவிட்ச் இல்லாத தானியங்கி வண்டிகளில், இரண்டு டேங்கையும் வழிய நிரப்பிவிட்டு உடனே சோதித்தால் பம்ப் ஓடாது. மெயின் டேங்கில் இடம் உண்டாகும் வரை கம்ப்யூட்டர் அதை ஓட விடாது. அதைப் பழுது என்று நினைத்துப் பட்டறைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுவிட்ச் உள்ள வண்டியிலும் மெயின் டேங்க் கால்வாசிக்கு வந்த பிறகு சோதிப்பதுதான் சரி. மெயின் நிறைந்திருக்கும்போது பம்ப்பை ஓட்டினால் எரிபொருள் பிரீதர் (டேங்குக்குக் காற்று வந்துபோகும் குழாய்) வழியாக வெளியே வழியும். டீசலானால் பின்னால் வரும் பைக்காரர் வழுக்கி விழுவார். பெட்ரோல் வண்டியானால் ஆவி பிடிக்கும் கரி டப்பா நனைந்து தனிச் செலவு வைக்கும்.

மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். சில வண்டிகளில் ஒரே முள் இரண்டு டேங்கையும் கூட்டிக் காட்டும். சப் டேங்கின் ஃப்ளோட் (அளவு காட்டும் மிதவை) சிக்கிக்கொண்டால், டீசல் ஒழுங்காக ஏறியும் முள் அசையாது. நம்பத் தகுந்தது பெட்ரோல் பங்கு பில்தான். லேண்ட் க்ரூசர் 200-இன் இரட்டை டேங்க் மாடலில் மெயின் 93, சப் 45, ஆக மொத்தம் 138 லிட்டர். மெயின் சிவப்பு விளக்கு எரியும் நிலையில் போய் இரண்டும் நிரம்பப் போட்டும் எண்பதுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால், சப் டேங்க் காலியாகவே இல்லை என்று அர்த்தம். 120-ஐத் தாண்டினால் இரண்டும் காலியாகித்தான் இருந்தன, பழுது முள்ளில்.

ஓ.பி.டி. வசதி (பழுதை வண்டியின் கம்ப்யூட்டரே பதிவு செய்யும் ஏற்பாடு) உள்ள வண்டியானால் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி2632 முதல் பி2634 வரை எந்தப் பழுதுக் குறியீடு வந்தாலும் இரண்டாவது பம்ப்பின் மின்சுற்றில் கோளாறு. பி2636 வந்தால் அந்தப் பம்ப் தள்ளும் அளவு குறைவு. பி2065 முதல் பி2068 வரை வந்தால் அது இரண்டாவது அளவுமானியைப் பற்றியது. பம்ப்பைத் தொடவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: மெயின் டேங்கைச் சொட்டு இல்லாமல் தீர்த்துச் சோதிக்காதீர்கள். காமன் ரெயில் வகை டீசல் இன்ஜினில் (மிக உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிப்பது) உயர் அழுத்தப் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. காற்றை இழுத்து ஓடினால் அது தேய்ந்து, உலோகத் துகள் இன்ஜெக்டர் வரை போகும். அந்தச் செலவுக்கு முன்னால் டிரான்ஸ்ஃபர் பம்ப் விலை ஒன்றுமே இல்லை.

4. கரண்ட் வருகிறதா: ஃபியூஸ், ரிலே, எர்த்

பெரும்பாலான கேஸ் இங்கேயே முடிந்துவிடும். தேவையானவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் சேர்த்த டெஸ்ட் லேம்ப், ஃபியூஸ் பொருத்திய ஒரு ஜம்பர் வயர்.

ஃபியூஸ். கண்ணால் பார்த்து விட்டுவிடாதீர்கள். கழற்றி மீட்டரில் வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். 15 எரிந்தது என்று 30 போடுவது வயரிங்குக்கு வைக்கும் தீ. புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் பம்ப் இறுகியிருக்கலாம், அல்லது வயர் எங்கேயோ பாடியில் உரசிக்கொண்டிருக்கலாம். பம்ப் கனெக்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போடுங்கள். எரியாமல் நின்றால் பம்ப் பக்கம் குறை, அப்போதும் எரிந்தால் வயரில்.

ரிலே. சுவிட்சின் சின்னக் கரண்டை வைத்துப் பம்ப்பின் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சாமான் இது. பொதுவான நான்கு கால் ரிலேயில் 85, 86 காயில். 30-இல் கரண்ட் வரும். 87 வழியாகப் பம்ப்புக்குப் போகும். 12 வோல்ட் காயிலின் தடை சுமார் 60 முதல் 100 ஓம். கால் வரிசை வண்டிக்கு வண்டி மாறும், ரிலே மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'டக்' சத்தம் வந்தாலே ரிலே நல்லது என்று பல எலக்ட்ரீஷியன்கள் முடிவு கட்டுவார்கள். காயில் வேலை செய்து உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தாலும் அதே சத்தம்தான் வரும். ஹாரன் ரிலே அதே மாடலாக இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காசில்லாத சோதனை.

அடுத்து ரிலேயை எடுத்துவிட்டு 30-க்கும் 87-க்கும் உரிய துளைகளை ஃபியூஸ் ஜம்பரால் இணையுங்கள். பம்ப் ஓடினால் பின்பக்க வயரிங், எர்த், பம்ப் மோட்டார் மூன்றும் நல்லவை. குறை ரிலேயிலோ, சுவிட்சிலோ, அதற்கு எர்த் தரும் வயரிலோ, கம்ப்யூட்டர் கட்டளையிலோ இருக்கிறது. 30-இல் கரண்ட் இருந்தும் ஓடாவிட்டால் குறை ரிலேயிலிருந்து டேங்க் வரைக்குள். ஒரே ஜம்பரில் பாதி வண்டியைத் தேட வேண்டிய வேலை போய்விடுகிறது. கம்ப்யூட்டருக்குள் போகும் கனெக்டர்களில் மட்டும் இந்த ஜம்பர் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கனெக்டரும் எர்த்தும். சப் டேங்க் கனெக்டர் பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறும் தண்ணீரும் படும் இடத்தில் இருக்கும். பிரித்துப் பார்த்தால் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இங்கே மீட்டர் மட்டும் வைத்து "12 வோல்ட் வருது, அப்ப பம்ப்தான் போச்சு" என்பதுதான் மிகப் பெரிய பொறி. மீட்டர் கரண்ட் இழுக்காது. ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரிலும் அது 12 காட்டும். 21 வாட் பல்பைக் கனெக்டரில் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் லைன் நல்ல லைன். மங்கினால் வழியில் எங்கேயோ அரிப்பு. ஒன்று: பெட்ரோல் வண்டியில் டேங்க் திறந்திருக்கும்போதோ, பெட்ரோல் வாடை அடிக்கும்போதோ இந்தச் சோதனை வேண்டாம்.

எர்த்தைத் தனியாகச் சோதியுங்கள். எல்லாம் மாட்டியபடி சுவிட்சைப் போட்டு, மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைப் பம்ப்பின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் சேஸிஸில் எர்த் போல்ட்டைத் தேடிக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பாசிட்டிவ் பக்கத்துக்கும் இதே முறைதான். அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம்.

கடைசியாக, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி வைத்து, பம்ப் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். சின்ன டிரான்ஸ்ஃபர் பம்ப் பொதுவாக 2 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். லைன் நன்றாக இருந்தும் சுழியமானால் உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது. எட்டு, பத்து என்று ஏறினால் மோட்டார் இறுகிக்கிடக்கிறது. வழக்கத்தைவிடக் குறைவாக இழுத்துக் கீச்சென்று ஓடினால், எரிபொருள் இல்லாமல் சும்மா சுற்றுகிறது. அளந்த பிறகு மீட்டர் வயரைப் பழைய துளைக்கு மாற்ற மறந்தால் அடுத்த தடவை வோல்ட் அளக்கும்போது மீட்டரே போகும்.

5. பம்ப் ஓடுகிறது, டீசல் வரவில்லை

பிரீதரைத்தான் முதலில் பாருங்கள். டேங்கிலிருந்து டீசல் வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பிரீதர் குழாயில் மண்புழுதி அடைத்தாலோ குளவி கூடு கட்டினாலோ டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் திணறும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, அதன் பிறகு டீசல் ஏறினால் விஷயம் முடிந்தது. குழாயைக் கழற்றி ஊதிவிட்டால் போதும், செலவில்லை.

ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்திருக்கலாம். இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டி ரப்பரை இப்படிச் செய்யும். விரலால் அழுத்திப் பார்த்து, கொழகொழவென்றோ மொறமொறவென்றோ இருந்தால் மாற்றுங்கள்.

மெயின் டேங்கில் போட்ட டீசல் இரவோடு இரவாகக் குறைந்து சப் டேங்கில் ஏறியிருந்தால் ஒருவழி வால்வு மூடவில்லை. மாற்று வால்வு வண்டிகளில் இதற்கு இணையான நோய் ஒன்று உண்டு: சப்ளை ஒரு டேங்கிலிருந்து போக, ரிட்டர்ன் இன்னொன்றில் விழும். ஒரு டேங்க் வேகமாகக் காலியாகும், மற்றது வழியும். வால்வின் உள்ளே ஒரு பக்கம் சிக்கியிருக்கும். அதைப் பிரித்துச் சரிசெய்வதைவிடப் புதிதாக மாற்றுவதே நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தால், டேங்குக்குள் பம்ப்பின் காலில் இருக்கும் சல்லடைப் பை அடைத்திருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் டேங்கை இறக்க வேண்டியிருக்கும்.

6. மலைமேல் மாட்டிக்கொண்டால்

ஜவ்வாது மலைப் பக்கம் பங்குகள் நெருக்கமாக இல்லை. சப் டேங்க் நிறைய டீசலோடு அங்கே நின்றுவிட்டால், முதலில் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு ஹாரன் ரிலேயை மாற்றிப் போடுங்கள். அப்புறம் சுவிட்சைப் போட்டபடியே ஒருவர் சப் டேங்கின் அடிப்பக்கத்தை மரக்கட்டையால் மெதுவாகத் தட்டட்டும். பிரஷ் சிக்கிய மோட்டார் ஒரு தட்டில் ஓடத் தொடங்கும். ஓடினால் ஊர் வந்து சேரும் வரைக்குமான உயிர் என்று வைத்துக்கொண்டு, இறங்கியதும் பம்ப்புக்குச் சொல்லிவிடுங்கள்.

எதுவும் நடக்காவிட்டால் கைப்பம்ப் உள்ள சைஃபன் குழாயால் எடுத்து மெயினில் ஊற்றலாம். வாயால் உறிஞ்சாதீர்கள், டீசல் நுரையீரலில் போனால் நேரே ஆஸ்பத்திரிதான். சில வண்டிகளின் நிரப்பும் குழாயில் தடுப்பு இருக்கும், சைஃபன் உள்ளே இறங்காது. உங்கள் வண்டியில் இறங்குகிறதா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்து வையுங்கள். இன்ஜின் ஏற்கெனவே நின்று போயிருந்தால், டீசல் ஊற்றியதும் ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஃபில்டர் மேல் உள்ள கைப்பம்ப் கெட்டியாகும் வரை அழுத்தி ஏர் எடுத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

7. டேங்கை இறக்குவது

சில மாடல்களில் பின் கம்பளத்துக்கு அடியில் சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தாலே பம்ப் தெரியும். அதைத் தேடாமல் டேங்கை இறக்க ஆரம்பிக்காதீர்கள்.

இறக்கியே ஆக வேண்டுமென்றால் முதல் நாள் மாலையே போல்ட்களில் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். சப் டேங்கை முடிந்தவரை காலி செய்யுங்கள். 45 லிட்டர் டீசல் ஏறக்குறைய 37 கிலோ, அது டேங்குக்குள் ஆடினால் ஜாக்கியிலிருந்து சரியும். பெட்ரோல் என்றால் வீட்டில் 30 லிட்டருக்கு மேல் உரிமம் இல்லாமல் சேர்த்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே மெயின் டேங்கில் இடம் வைத்துக்கொண்டு, வடித்ததை அதிலேயே வடிகட்டி ஊற்றுங்கள். வடித்ததில் கொஞ்சம் கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் கோடு கட்டினாலோ கருப்புக் கொழகொழப்பு நின்றாலோ டேங்கைக் கழுவாமல் புதுப் பம்ப் போடுவது வீண். அந்த டீசலை மெயினிலும் ஊற்றாதீர்கள்.

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். பெட்ரோல் வண்டி என்றால் விடிகாலை ஆறு மணிக்கே, திறந்த வெளியில், வேலையை ஆரம்பியுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பவுடர் தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பக்கத்தில் வெல்டிங் ஓடும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. டேங்கில் ஓட்டை தெரிந்தால் "காலிதானே, ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடலாம்" என்பார்கள். காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டெப்னியை எடுங்கள். ஜாக்கியின் மேல் பலகை வைத்து டேங்கைத் தாங்குங்கள். ஹோஸ் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் துணி டேப்பில் எண் போட்டு, போட்டோ எடுங்கள். சப்ளையும் பிரீதரும் ஒரே அளவில் இருக்கும், மாற்றி மாட்டுவது சாதாரணமாக நடக்கிறது. டேங்கைக் கொஞ்சம் இறக்கிக் கனெக்டரைக் கழற்றிய பிறகே முழுதாக இறக்குங்கள். பம்ப் மூடியின் பூட்டு வளையத்தைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிட்டு, பித்தளைக் கம்பியும் மரச் சுத்தியும் வைத்துத் தட்டிக் கழற்றுங்கள். இரும்பு ஸ்குரூடிரைவரால் அடித்தால் தீப்பொறியும் வரும், வளையமும் நெளியும்.

8. பம்ப் எங்கே, எவ்வளவு

ஒரிஜினல் வேண்டுமென்றால் கம்பெனி டீலரிடம் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஆர்டர். ஸ்டாக் இல்லாவிட்டால் வாரக்கணக்கில் ஆகும். வெளிக் கடைகளில் தேடுவதானால் சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, பெங்களூரில் ஜே.சி. ரோடு. வேலூரிலிருந்து இரண்டும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான். பழைய பம்ப்பைக் கையில் கொண்டுபோங்கள், போட்டோ போதாது. புதுப்பேட்டையில் பழைய பம்ப் கிடைத்தால் பேட்டரி வைத்துச் சில நொடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டார் என்றால் வாங்காதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் பல வீடுகளில் வளைகுடாவில் ஆள் இருப்பார்கள். அங்கே இந்த வண்டிகள் நிறைய ஓடுகின்றன, பார்ட்ஸும் எளிதாகக் கிடைக்கும். புதியதாக, சீல் பிரிக்காத பெட்டியில், பில்லோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பயன்படுத்திய பம்ப்பில் எரிபொருள் வாடை இருந்தால் விமானத்தில் அனுமதிக்க மாட்டார்கள்.

உள்ளூர்க் கடையில் "யுனிவர்சல்" பம்ப் நீட்டுவார்கள். மூன்று விஷயம் கேளுங்கள். டேங்குக்குள் மூழ்கி ஓடும் வகையா, வெளியே லைனில் மாட்டும் வகையா? பெட்ரோலுக்கா, டீசலுக்கா? அழுத்தம் எவ்வளவு? இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார் பம்ப் மூன்று பார் அழுத்தத்துக்குச் செய்தது. இங்கே வேண்டியது குறைந்த அழுத்தத்தில் அளவைத் தள்ளும் பம்ப். டேங்குக்குள் மூழ்கும் ஹோஸுக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 என்று அச்சிட்டதே வேண்டும். வெளியில் போடும் சாதாரணப் பெட்ரோல் ஹோஸை உள்ளே போட்டால் வெளிப்புறமிருந்து கரைந்து பிய்ந்துவிடும்.

செலவு தோராயமாக: ஃபியூஸ் பத்து, இருபது ரூபாய். ரிலே 150 முதல் 400. மல்டிமீட்டர் 500-க்குள் கிடைக்கும். எர்த், கனெக்டர் வேலைக்கு எலக்ட்ரீஷியன் கூலி சில நூறு. டேங்கை இறக்கி ஏற்றும் கூலி சாதாரணப் பட்டறையில் 1,500 முதல் 3,000 வரை கேட்பார்கள், துரு அதிகமானால் பேரம் மாறும். பம்ப் மட்டும் பல ஆயிரம். நேரக் கணக்கு: ஃபியூஸ், ரிலே அரை மணி, வயரிங் அரை நாள், டேங்க் ஒரு முழு நாள், பார்ட் வரும் வரை காத்திருப்புத் தனி. பார்ட் கைக்கு வராமல் டேங்கை இறக்கிவிட்டால் வண்டி பட்டறையிலேயே கிடக்கும்.

9. திரும்ப மாட்டுவது, ஓட்டிப் பார்ப்பது

பம்ப் மூடியின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புதியதே போட வேண்டும், பழையதைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். கிரீஸ் தடவாமல் அதே எரிபொருளில் ஒரு துளி தடவினால் போதும். மூடியில் உள்ள அம்புக்குறி டேங்கின் குறியோடு சேராவிட்டால் ஃப்ளோட் கை டேங்க் சுவரில் இடிக்கும், முள் தப்பாகக் காட்டும்.

டேங்கை முழுதாக ஏற்றும் முன், பம்ப்பிலிருந்து வரும் ஹோஸை அளவு கேனில் விட்டு ஒரு நிமிடம் ஓட்டி, வந்த அளவைக் குறியுங்கள். அடுத்த தடவை ஒப்பிட அந்த எண்தான் உதவும். பெட்ரோல் என்றால் கேன் உலோகமாக, சேஸிஸோடு ஒரு வயரால் இணைத்ததாக இருக்கட்டும். ஏற்றிய பிறகு சப் டேங்கில் பத்து லிட்டர் மட்டும் போட்டு, இணைப்புகளுக்கு அடியில் அட்டை விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். அட்டை காய்ந்திருந்தால் நிரப்புங்கள். நிரம்பிய டேங்கில்தான் மேல் ஓ-ரிங் கசிவு தெரியும், எனவே நிரப்பிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.

முதல் ஓட்டம் 48-ஆம் எண் நெடுஞ்சாலையில் சமதளமாக இருக்கட்டும். அடுத்து ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் போதும். சாய்வில் எரிபொருள் ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கிறதா, மேல் இணைப்பு கசிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

10. மறுபடி வராமல் இருக்க

இந்தப் பம்ப்புகள் உழைத்துச் சாவதைவிடச் சும்மா கிடந்து சாவதே அதிகம். டவுனுக்குள் ஓடும் வண்டியில் சப் டேங்கை யாரும் தொடுவதில்லை. மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலில் எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பம்ப்பின் கால் அங்கேதான் இருக்கிறது. டீசலில் அதே தண்ணீர் கருப்புக் கசடை வளர்க்கும்.

மாதம் ஒரு தடவை சப் டேங்கில் பத்து லிட்டராவது போட்டு மெயினுக்கு ஏற்றுங்கள். சப் டேங்க் தீர்ந்ததும் சுவிட்சை உடனே அணையுங்கள். பம்ப்பைக் குளிர வைப்பதும் மசகு போடுவதும் உள்ளே இருக்கும் எரிபொருள்தான். அது இல்லாமல் பத்து நிமிடம் சுற்றினால் பிரஷும் புஷ்ஷும் தேய்ந்துவிடும். மறதி உள்ளவர்கள் சுவிட்ச் லைனில் ஒரு டைமர் ரிலே சேர்த்துக்கொள்ளலாம், நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்து தருவார். ஐப்பசி மழைக்கு முன் பின் கனெக்டரைக் கழற்றி, களிம்பு துடைத்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின் இணைப்புகளில் ஈரம் புகாமல் தடுப்பது) வைத்து மூடுங்கள். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு ரிலே, இரண்டு ஃபியூஸ், அந்த ஜம்பர் வயர் எப்போதும் கிடக்கட்டும்.